நடுவரைக் கேட்கவும்

விளையாட்டு விதி விளக்கும் வேலையில் முதலில் காதில் விழுவது கேள்வியல்ல, சத்தம். இருட்டிய பிறகு போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். எவர்சில்வர் தட்டில் ஏதோ உருண்டு, தடுமாறி, நிற்கும். ராத்திரி போன் மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரிகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், அந்தப் போனே மில் கொடுத்ததுதான். அவர் நைட் ஷிப்டுக்குப் போனால், உக்கடம் குளத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் பத்து மாதக் குழந்தையும் மட்டும். போன் அடித்தாலே மெஷினில் அவர் கை போய்விட்டது என்றுதான் எடுப்பேன்.

உருண்டது பகடை.

பாய் கடை டப்பா

காந்திபுரத்தில் பழைய புத்தகம் விற்கும் பாயின் கடைக்கு, ஒரு புத்தக மூட்டையோடு பத்துப் பன்னிரண்டு டப்பா வெளிநாட்டு விளையாட்டு வந்து இறங்கியது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, நீ வாள்வீரன், நான் மந்திரவாதி, அவன் திருடன் என்று வேஷம் பிரித்துக்கொண்டு, வாயாலேயே கதையை நகர்த்த வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்லவும் தகராறு தீர்க்கவும் ஒருவர் நடுவர். விதிப் புத்தகமோ எட்டாம் பக்கத்தில் 'இருபத்திரண்டைப் பார்' என்னும், இருபத்திரண்டில் 'எட்டைப் பார்' என்னும்.

கான்வென்ட்டில் படித்தவள் என்று பாய் ஒரு விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார், வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் தீர்த்து வைக்கச் சொல்லி. பகலில் மட்டும் என்றுதான் போன் நம்பரைக் கொடுத்தேன். அவர் எல்லா டப்பாவிலும் நம்பரை ஒட்டினார், நேரத்தை ஒட்டவில்லை. ராத்திரியில் பயமாக இருக்கிறது பாய் என்று போய் நின்றேன். "பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிர்றாங்க அம்மணி, ஆட்டத்துல பேய் வர்றதே ராத்திரிலதானே" என்றார்.

பூஜ்யம்

ஒரு அம்மா பேசினார். காலேஜ் போகிற மகன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். அவனுடைய வாள்வீரனுக்கு உயிர்ப் புள்ளி பூஜ்யமாகிவிட்டதாம். நான்தான் முந்தின நாள் அவனிடம், பூஜ்யம் என்றால் செத்தான் என்று பதினாலாம் பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். அப்போது எனக்கு அது ஒரு கணக்கு.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்கத் தேடினேன். பெற்றவள் லைனில் காத்திருக்கிறாள். கடைசியில் முப்பத்தொன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில், பூஜ்யத்தில் மயக்கம்தான், பக்கத்தில் துணையாள் இருந்தால் எழுப்பலாம் என்று போட்டிருந்தது. இரண்டு பக்கமும் அச்சில்தான் இருக்கின்றன, எதை நம்புவது? நான் மயக்கத்தை எடுத்துக்கொண்டேன். மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டு, "எந்திரிச்சு நாலு தோசை தின்னானுங்க, இனிமேல் பக்கம் பாத்து ஆளைக் கொல்லு கண்ணு" என்றார்.

கிணத்துக்கடவுக்காரர்

கிணத்துக்கடவில் ஒரு தேங்காய் மண்டியிலிருந்து ஒருவர் ஒரு மாதமாகத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மரியாதையான குரல். வலது பக்கம் திரும்பலாமுங்களா, கிணத்தை எட்டிப் பார்க்கலாமுங்களா என்று ஒன்றொன்றுக்கும் கேட்பார். ஒரு நாள் ராத்திரி, என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போன பிறகு, "ஏனுங்க அக்கா, தாழ் போடாத கதவைத் திருடன் சத்தமில்லாம திறக்க எத்தனை விழோணும்?" என்றார். நாலுக்கு மேல் விழுந்தால் போதும் என்று படித்துச் சொன்னேன்.

"உள்ள ஒரு பொம்பளையும் கைக்குழந்தையும்தானுங்க. ஆம்பளை ராத்திரிக் காவலுக்குப் போயிருக்கான். வீட்டுக்குப் பின்னால குளம். அப்படியே பின்கதவுக்குப் போயிரலாமுங்களா?"

ரிசீவரை வைத்துவிட்டேன். எங்கள் பின்கதவுத் தாழ்ப்பாள் துருவேறி நகராது. நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போன் போட்டேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் ஷெட்டுக்குள்ள இருக்காருங்க, இன்னும் யாரும் உள்ள வரலீல்ல, வந்தா சொல்லுங்க, ஆளனுப்பிக் கூட்டியாறேன்" என்றார்.

பின்கதவு

வைத்த கையோடு போன் மறுபடி அடித்தது. எடுத்தேன். தட்டில் பகடை உருண்டது.

"யாருங்க நீங்க? எங்க வீட்டை எப்ப வந்து பார்த்தீங்க?" என்றேன்.

"உங்க ஊட்டை நான் எதுக்குங்க பாக்கறேன்? டப்பால இருக்கற கதைப் புஸ்தகத்துல பதினொண்ணாம் பக்கத்துல படமே போட்டிருக்குதுங்களே." பாய் எனக்குக் கொடுத்தது விதிப் புத்தகம் மட்டும். கூட ஒரு கதைப் புத்தகம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"உங்கள்ல நடுவர் யாரு? அவரைக் கேட்க வேண்டியதுதானே?"

"நீங்கதானுங்க அக்கா. சந்தேகம்னா நடுவரைக் கேக்கோணும்னு போட்டிருக்குது, டப்பா மேல உங்க நம்பர் இருக்குது. நாங்க நாலு பேரும் இந்த ஒரு மாசமா உங்களைக் கேட்டுத்தான் நகந்துட்டிருக்கோம்." பின்னால் மூன்று பேர் ஆமாமுங்க என்றார்கள். "திருடன் பின்கதவுல கை வெச்சுட்டான். அஞ்சு விழுந்திருக்குது. இப்ப என்ன ஆகுது, சொல்லுங்க."

வெறும் கதைதான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எனக்கு முன்னால் இருந்தது என் நாற்காலி, என் கதவு. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"கதவு திறக்காது. அந்தப் பொம்பளை அப்பவே எழுந்து உள்ளே தாழ் போட்டுட்டா."

"அப்படி ரூல் இருக்குதுங்களா?"

"இருக்குது."

அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் சொன்னார்: "செரிங்க அக்கா, நாங்க வேற ஊட்டுக்குப் போய்க்கறோம்."

எந்தப் பக்கத்திலும் இல்லாத விதியை நான் துணிந்து சொன்னது அந்த ஒரு தரம்தான், அதற்கும் முதலில் கட்டுப்பட வேண்டியவள் நானாகவே இருந்ததால், அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெயை ஊற்றி, அம்மிக்குழவியால் தட்டித் தட்டி, பின்கதவுத் தாழ்ப்பாளை உள்ளே போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.