குடிகாரன் இல்லாத தோட்டம்

ஐம்பத்து மூன்று வயதில், மலேசியாவில், ஈப்போவின் கல்லூரி ஒன்றில் நகைச்சுவை எழுத்தும் நடிப்பும் படிக்கிறேன். சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

இன்று இறுதித் தேர்வுக்கான ஒத்திகை. சுங்காய் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கணக்கரான கிராணி, மானேஜர் வந்துவிட்டார் என்று நினைத்து இருட்டில் ஆளில்லாமல் நிற்கும் அவருடைய மோட்டார் சைக்கிளுக்குச் சலாம் வைக்கும் காட்சியை நடித்தேன்.

என் வயதில் பாதிகூட ஆகாத விரிவுரையாளர் குறுக்கிட்டார்.

“அண்ணே, நல்லா இருக்கு. ஆனா ஆளுங்க சிரிக்கணும்லா. ஒரு குடிகாரனைப் போடுங்க. எஸ்டேட்டுன்னா அதான் எடுபடும்.”

நான் குரலை உயர்த்தவில்லை. “உங்க குடும்பத்துல யாராச்சும் எஸ்டேட்ல இருந்தாங்களா, சார்?”

“தாத்தா, அப்பா எல்லாம் பால் மரம் வெட்டினவங்கதான்.”

“குடிப்பாங்களா?”

“சேச்சே! தொட்டதே இல்லண்ணே.”

“அப்ப யாரைப் பாத்து எழுதச் சொல்றீங்க?”

வகுப்பே சிரித்தது. இன்று எழுந்த முதல் சிரிப்பு அதுதான். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது என் தோளைத் தொட்டார். “அண்ணே, இதை மேடையில போட்டுறாதீங்கலா.”

எழுத்தில் போட்டாயிற்று. கிராணியை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த உரையாடலை ஒரு சொல்லும் மாற்றாமல் பின்னால் சேர்த்துவிட்டேன். என் பெற்றோர் பால் வெட்டிய தோட்டத்தை இத்தனை ஆண்டுகளாக மேடையில் தள்ளாடவிட்டே காட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமைத் தேர்வில் அது நேராக நிற்கும்.

மதிப்பெண் போடுபவரும் அவரே. நான் தேறுவேனா என்பதைக் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். அவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.