ஓட்டோவில் போடச் சொன்ன மத்தியானம்

சந்தைக்குப் போகும் வழியில் என் வலது செருப்பு கழன்று விழுந்ததை நான் அறியவில்லை. பின்னால் வந்த கணவர்தான் அதை எடுத்துக்கொண்டு, "செருப்பு போனதும் தெரியாமல் அப்பிடி என்ன யோசினை?" என்று கேலி செய்தார். யோசனை ஒன்றும் இல்லை. காலில் உணர்ச்சி இல்லை.

பிறகு அன்புவழிபுரத்து வீட்டுப் படியில் ஏற முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை. சோறு விழுங்க முடியவில்லை. துறைமுகப் பக்கத்துச் சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்ன பெயர் கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்).

"பெரும்பாலும் சுகம் வரும். ஆனா அதுக்கு முதல் மூச்சுத் தசையளும் களைச்சுப் போகலாம்," என்றார்.

களைத்துத்தான் போயின. தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேற்றரில் (நமக்காக மூச்சுவிடும் கருவி) இணைத்தார்கள்.

இந்த நோய் வந்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அசையாமல் கிடப்பவருக்குக் காது கேட்கும். மின்சாரம் போனால் முதலில் மின்விசிறி ஓயும். கீழே ஜெனரேற்றர் உறுமும். சற்று நேரத்தில் 'டக்' என்ற சத்தத்தோடு விசிறி மறுபடி சுற்றும். அந்தச் சத்தம் தானியங்கி மாற்று ஆளியுடையது (தானாக மாறும் சுவிச்சு) என்று தாதி சுமதி சொல்லியிருந்தாள். வெளி மின்சாரம் நின்றதைத் தானே அறிந்து, ஜெனரேற்றரை எழுப்பி, அது நிதானத்துக்கு வந்ததும் கட்டடத்தை அதன் பக்கம் மாற்றிவிடுமாம்.

ஒரு மத்தியானம் விசிறி ஓய்ந்தது. உறுமல் இல்லை. காவலாளி ஓடிப்போய் ஜெனரேற்றரைச் சாவி போட்டுக் கிளப்பினார். உறுமியது, 'டக்' மட்டும் வரவில்லை. என் கருவியின் பற்றரி பழசு. அலாரம் அடித்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். கத்தவும் வழியில்லை.

சுமதி குழாயில் ஊதுபையைப் பொருத்திக் கையால் அமுக்கினாள். மற்றத் தாதி அடுத்த கட்டிலில் அதே வேலையில் இருந்தாள். அவள் அழைத்து ஸ்பீக்கரில் போட்டு என் தலைமாட்டில் வைத்த போனில், காலையில் ஆளியைச் சேவிஸ் செய்துவிட்டுப் போனவர் கத்தினார்:

"ஓட்டோவில போடுங்கோ தங்கச்சி! நான் மறந்துபோனன். கெதியா ஓட்டோவில போடுங்கோ!"

வாசலில் நின்ற என் கணவர் அதைக் கேட்டதும் படியிறங்கி ஓடினார்.

"ஐயோ அண்ணை, நில்லுங்கோ!" என்றாள் சுமதி. அவர் போய்விட்டார். பையை விட்டுவிட்டு அவளால் நகர ஏலாது. ஜெனரேற்றர் இரைச்சலில் காவலாளிக்கும் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. அவள் கை களைத்தது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போனது.

கணவர் திரும்பி வந்தார், கூடவே ஒரு சாரதி.

"ஓட்டோ வாசலில நிக்குது. பிடியுங்கோ, தூக்குவம்."

"அந்த ஓட்டோ இல்லை அண்ணை!" என்று கத்தினாள் சுமதி. "கீழ சுவிச்சுப் பெட்டியில குமிழ் ஒண்டு கிடக்கு. 'கை' எண்ட பக்கம் நிக்கும். தானா மாறுற 'ஓட்டோ' எண்ட பக்கம் திருப்புங்கோ!"

மறுபடி ஓடினார். 'டக்.' விசிறி சுற்றியது. சுமதி குழாயைக் கருவியில் மறுபடி பொருத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது நானே மூச்சுவிடுகிறேன், தடியூன்றி நடக்கிறேன். ஓட்டோக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கணவரின் மானத்தை வாங்குகிறேன். ஆனால் மூச்சு தானாக வரும் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இரவில் கறண்ட் போனால் அவர் டோர்ச்சை எடுத்து முதலில் என் நெஞ்சில் வெளிச்சம் அடிப்பார். நான் கோபிப்பதில்லை. அது ஏறி இறங்குகிறதா என்று நானும் குனிந்து பார்ப்பேன்.