மிச்சிகோவின் கைக்கு மைக் வந்த நேரம்

நூலக மண்டபத்தை ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டும். எட்டரை தாண்டிவிட்டது, பேச வந்த பேராசிரியர் இன்னும் வாய் திறக்கவில்லை.

கிழக்கு லண்டனில், கவுன்சில் நூலகமொன்றில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் எனக்குத் தலையிடி தந்த கூட்டங்கள் பல. இதற்குத்தான் முதலிடம். 'கிழக்கையும் மேற்கையும் இணைத்த ஜப்பானிய எழுத்தாளர்கள்' என்பது தலைப்பு. இந்த நகரத்தின் வாடகை அறைகளில் குடியிருந்து, ஆங்கிலத்திலேயே எழுதி, ஜப்பானை இங்குள்ளவர்களுக்குச் சொன்னவர்களைப் பற்றிப் பேராசிரியர் மிச்சிகோ பேசுவதாக ஏற்பாடு. வாழ்நாள் முழுக்க அதையே ஆராய்ந்தவர். "பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை" என்று போனில் சந்தோஷப்பட்டார். அடுத்த வாரம் லண்டனை விட்டே போகிறார். இனி இப்படியொரு வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது.

எங்களோடு சேர்ந்து கூட்டத்தை நடத்தியது பக்கத்துப் பிளேஸ்டோ பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம். அதன் தலைவர் சிவம் அண்ணை நல்ல மனிதர். மைக்கைக் கண்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. எல்லாம் தமிழில். ஒருவர் தான் ஜப்பான் கார் வாங்கிய கதையைச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காமல் மிச்சிகோ முன்வரிசையில் புன்னகைத்தபடி இருந்தார்.

நான் போய்க் காதோடு சொன்னேன்.

"அண்ணை, அவவைப் பேச விடுங்கோ. நேரம் போகுது."

"பொறுங்கோ தங்கச்சி. பொன்னாடை போர்த்தாமல் எப்பிடிப் பேச விடுறது? ஒரு மரியாதை இருக்கெல்லோ!"

"அவ சொல்றதைக் கேக்கிறதுதானே அண்ணை மரியாதை?"

"ஓம், ஓம். ஆர் போர்த்திறது எண்டு ரெண்டு பேர் இழுபறிப்படுகினம். அதை முடிச்சிட்டு வாறன்."

முடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொன்று போர்த்தினார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்தார்கள். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

மைக் மிச்சிகோவின் கைக்கு வந்தபோது, காவலாளி சாவிக்கொத்தோடு கதவருகே வந்து நின்றுவிட்டார். மிச்சிகோ அவரைப் பார்த்தார். கையிலிருந்த தாள்களை மடித்தார். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"நான் பேச வந்த எழுத்தாளர்களை லண்டன்காரர்கள் விருந்துக்கு அழைப்பார்களாம். விருந்து முழுக்க ஜப்பானைப் பற்றி அந்த ஜப்பானியர்களுக்கே விளக்குவார்களாம். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் தாங்கள் சொல்ல நினைத்ததை எழுதினார்கள். நானும் வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். நன்றி."

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது.

"பாத்தீங்களோ தங்கச்சி," என்றார் சிவம் அண்ணை, "சுருக்கமாப் பேசினாலும் என்ன அருமையான பேச்சு!"



அதற்குப் பிறகு நான் நடத்திய ஒவ்வொரு கூட்டத்திலும் விருந்தினர்தான் முதலில் பேசினார். விளக்கும் பொன்னாடையும் பிறகுதான். சங்கங்கள் கோபித்தன, மேலதிகாரிக்கு முறைப்பாடும் போனது. நான் அசையவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அசையக் கூடாது. ஜப்பானிய எழுத்தாளர்களைப் பற்றி அவ்வளவு பெரிய கூட்டம் நடத்தினோமே, அவர்களைப் பற்றி மிச்சிகோ என்ன சொல்ல வந்தார் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.