பரிசு வாங்கித் தந்த கடைசிப் பக்கம்

எந்தச் சிறுவர் நூலுக்கு விருது கிடைக்கும் என்று ஊகிப்பதில் எங்கள் விழுப்புரம் நண்பர்களுக்குள் ஆண்டுதோறும் போட்டி. இம்முறை நான் சொன்னது, அடிபட்டுக் கிடக்கும் ஒரு குருவியின் கதை.

“கடைசிப் பக்கத்துல குருவி செத்துடுது பாரு, அதுக்கே குடுப்பாங்க” என்று அடித்துச் சொன்னேன்.

திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். பொழுது போகட்டுமே என்று அந்தப் புத்தகத்தையே அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது அதைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தைக் காணோம். திடுக்கிட்டு நிமிர்ந்த என்னை ஸ்டெல்லா வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

“நான்தாண்ணா கிழிச்சேன். ‘குருவி எழுந்தா நானும் எழுந்துடுவேம்மா’ன்னு சொல்லிக்கினே படிச்சான். பயந்துபோயி முடிவைப் பாத்தேன்.”

எத்தனை முறை படித்த கதை! பரிசைத் தவிர வேறெதுவும் என் புத்தியில் ஏறவேயில்லை.

உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. விழுப்புரம் நண்பன்.

“நீ சொன்ன புக்குக்குதாம்பா விருது! எப்படிப்பா கரெக்டா சொன்ன?”

“மாமா, குருவி என்ன ஆச்சி?” என்று பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அது செத்ததால்தான் ஜெயித்தது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?