செதுக்காத ஒரு முழம் வரப்பு

நாலு புத்தகம் படித்தவன் மண்வெட்டி பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. தாராசுரம் பக்கத்தில் எங்கள் வயலில், நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வெட்டில் மண்கட்டி பிளந்து, கடுகளவு வெள்ளை முட்டைகள் சிதறின. நடுவில், வாலில் இடுக்கி வைத்த ஒரு பூச்சி.

“காதுக்குள்ள பூந்துடும்!” என்று மண்வெட்டியை ஓங்கினேன்.

“உங்க காதுல பூந்து அதுக்கு என்னங்க கெடைக்கப் போவுது? தாய்ப்பூச்சிங்க, விடுங்க,” என்றார் கூட வேலை செய்த மாரியம்மாள்.

பூச்சி ஓடவில்லை. என்னைப் பார்த்து இடுக்கியை உயர்த்தியது. பிறகு ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டுபோய், வரப்பின் மேட்டு விரிசலுக்குள் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் திரும்பி வந்தது.

அதற்குள் நான் திறந்துவிட்டிருந்த தண்ணீர் முட்டைகளை நெருங்கியது. ஓடிப்போய் மடையை அடைத்தேன்.

“முறை வச்சு வர்ற தண்ணிங்க! அதப் போயி அடைக்கிறீங்களே!” என்று சிரித்த மாரியம்மாளும் என் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். கடைசி முட்டையும் போன பிறகு, அது மறுபடி வந்து வெறும் மண்ணை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

மடையைத் திறந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு முழம் வரப்பு இன்னும் செதுக்காமலே கிடக்கிறது. பார்க்கிறவர்கள் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.