சுவரில் எழுதிய சாவி

போன வாரம் ஒரு காலையில் என் கணினி தனக்குத் தகுதி இல்லை என்று அறிவித்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்ற முயன்றேன். 'இந்தக் கணினி இதற்குத் தகுதியானது அல்ல' என்று நீலக் கட்டத்துக்குள் ஒரு வரி வந்து நின்றது. தனியாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். பின்னால் நாற்காலியில் பிலோமினா அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த வரி என்னையே சொன்னதுபோல முகம் சூடாகிவிட்டது.

அக்கா அரியாங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வந்திருந்தார். முதியோர் உதவித்தொகை வாங்குபவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அதை நிரூபிக்க வேண்டும். இப்போது எல்லாம் வலைத்தளத்தில்தான். அந்தத் தளம் என் உலாவி பழசு என்றது. புது உலாவியோ கணினியில் புதிய பதிப்பு இருந்தால்தான் வருவேன் என்றது. புதிய பதிப்பு சொன்னதைத்தான் மேலே பார்த்தீர்கள். ஆக, நான் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் அக்கா உயிரோடு இருக்க முடியும்.

"என்னா தம்பி சொல்லுது?"

"பழசாயிடுச்சாம்க்கா."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காசு குடுத்துதான வாங்குன? பில்லு இருக்குல்ல?"

அக்கா எதைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்பார். மிக்சி, பேரப்பிள்ளையின் சைக்கிள், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எதுவானாலும் முதலில் பில். தெரியாதவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி பிறந்த இடத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

என் மேஜைக்கடியில் விசிறி மூச்சு வாங்கிச் சுற்றியது. சூடான தூசு வாசனை ஒன்று வந்தது. பழைய பெட்டிகளை ஓட்டியவர்களுக்கு அது தெரியும், பிளாஸ்டிக்கும் நூலாம்படையும் சேர்ந்து லேசாகக் கருகுவதுபோல இருக்கும். அதோடு கொஞ்சம் பினாயில், கொஞ்சம் மெழுகுவர்த்தி சேர்த்துக்கொண்டால், முதலியார்பேட்டையில் அக்கா நடத்திய பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்துவிடலாம்.

அக்காவின் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில் படுத்தபோது கைக்கு வந்ததை வைத்து, முன்னறையைத் தடுப்புப் பலகைகளால் பிரித்து ஐந்து கம்ப்யூட்டர்களைப் போட்டார்கள். அவருக்கு எலிக்குட்டியைக் கண்டாலே கை நடுங்கும், மௌஸைத்தான் சொல்கிறேன். அதனால் நிர்வாகம் அக்கா, தொழில்நுட்பம் நான். எங்கோ மூன்று மாதம் ஒரு கோர்ஸ் படித்திருந்தேன். தெருவுக்குள் நடக்கும்போது ஏதோ செயற்கைக்கோளை ஏவிவிட்டு வருகிறவன்போல நடப்பேன். என் தொழில்நுட்பம் முழுக்க ஒரே சிடியில் அடங்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த சிடி, பெட்டிகளை அசெம்பிள் செய்து கொடுத்தவர் சும்மா கொடுத்தது. கம்ப்யூட்டர் வாங்கினால் சாஃப்ட்வேர் அதற்குள்ளேயே இருக்கும், வாங்கிய மிக்சிக்குள் மோட்டார் இருப்பதுபோல, என்றுதான் தெருவில் எல்லாரும் நினைத்தோம். மாதத்துக்கு ஒருமுறை வைரஸ் வந்து பெட்டி படுத்துவிடும். சிடியைப் போட்டு முதலிலிருந்து ஏற்றுவேன். நடுவில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஏதோ வரும். எஃப் எட்டு விசையை அமுக்கினால் அதற்கெல்லாம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அமுக்குவேன். பிறகு சாவி கேட்கும். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரிசை. ஒவ்வொரு முறையும் சிடி உறையைத் தேட முடியாமல் அதை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். மேலே வேளாங்கண்ணி மாதா, அதன்கீழ் கட்டண விவரம், அதன்கீழ் சாவி. தெருவில் யார் வீட்டில் பெட்டி படுத்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து அதை எழுதிக்கொண்டு போவார்கள். மாதா கோயில் ஆபீசிலிருந்துகூட வந்தார்கள். அக்காவுக்கு அதில் பெருமை. நம்ம கடையால் நாலு பேருக்கு உபகாரம் என்பார்.

ஐந்து பெட்டிகளில் ஒன்று மட்டும் அசலானது. அக்காவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பாரிசில் தங்கிவிட்டவர். ஒரு கோடை லீவில் தங்கச்சிக்கென்று அதைத் தூக்கிவந்தார். என்ன ஒன்று, அது பிரெஞ்சுதான் பேசும். அழிக்கட்டுமா என்று கேட்டால்கூட 'வுய்', 'நோன்' என்றுதான் கேட்கும். இந்த ஊரில் வுய் தெரியாதவர் இல்லை. அதற்கு மேல் போனால்தான் தகராறு. விசைப்பலகையிலும் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ உட்கார்ந்திருந்தது. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த பெண்கள் விரலைப் பார்க்காமல் வேலைக்கு விண்ணப்பம் அடித்துவிட்டு நிமிர்ந்தால், அவர்கள் அப்பா பெயரெல்லாம் வேறு யாருடையதாகவோ மாறியிருக்கும். பாஸ்வேர்டு ஏறாமல் ஒருவர் என்னையே சந்தேகப்பட்டார். அந்தப் பெட்டியின் முன்னால் யாரும் உட்காரவில்லை.

"இதயும் நம்ம சிடிய போட்டு மாத்திடு தம்பி, சும்மா கெடக்குது" என்றார் அக்கா. புது விசைப்பலகை வாங்கிவந்து, பிரெஞ்சைத் துடைத்து, நம்ம சிடியைப் போட்டு, எஃப் எட்டை அமுக்கி, சுவரைப் பார்த்து சாவியை அடித்தேன். கடையில் இருந்த ஒரே அசலின் மேல் நகலை ஏற்றிய மேதை புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று அக்கா எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. சாய்த்துப் பார்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா. அக்காவின் மகள் ஸ்டெல்லா அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் அவளுக்கு வெகுநாளாகக் கண். ஓரம் லேசாகத் தூக்கியிருந்த ஒருநாள் பூப்போல உரித்துத் தன் ஜாமெட்ரி பாக்சில் ஒட்டிக்கொண்டாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் பகல் பதினோரு மணி வாக்கில் வந்தார்கள். ஜீப்பில் போலீஸ்காரர்கள், கூடவே டை கட்டிய ஒருவர். சாஃப்ட்வேர் கம்பெனிக்காக வந்தவர் என்றார்கள். கம்பெனி பெயரைக் கேட்டதும் அக்காவுக்குப் புரியவில்லை. கடல் தாண்டி எங்கோ இருக்கிற அவ்வளவு பெரிய கம்பெனிக்கு முதலியார்பேட்டையில் நாம் இருப்பது எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். டை கட்டியவர் எங்களிடம் அதிகம் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுவரைப் பார்த்தார், புன்னகைத்தார், கேமராவை எடுத்தார். சாவியோடு சேர்ந்து மாதாவும் படத்தில் விழுந்தார்.

"ஒத்துக்கிறேன்னு அமுக்கித்தான உள்ள ஏத்துனீங்க? அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கலயா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான், "அத யாரும் படிக்க மாட்டாங்க சார்" என்றேன். உள்ளது உள்ளபடி சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிற வயது.

"படிக்காமயே ஒத்துக்குவீங்களா?" என்று அவர் அக்காவிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஐந்து பெட்டிகளையும் ஒயரைப் பிடுங்கி டெம்போவில் ஏற்றினார்கள். ஒயர்கள் தெருவில் இழுபட்டன. உள்ளே மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல் நழுவினார்கள். சாவியை எழுதிக்கொண்டு போன வீடுகளின் கதவுகள் எல்லாம் பாதி திறந்திருந்தன. அக்கா முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து நின்றார். யாரோ ஒரு சிறு பிள்ளை தன் அம்மாவிடம், "இவங்க என்னத்த திருடுனாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

பிரெஞ்சுப் பெட்டியாவது எங்களுடைய சொந்தம் என்று அக்கா அவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அண்ணன் முறையாக வாங்கிவந்தது என்றார். அப்படியானால் அசலென்று காட்டும் ஸ்டிக்கர் பொட்டியில் ஒட்டியிருக்க வேண்டுமே என்றார்கள். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் காலை கணக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடமிருந்து ஜாமெட்ரி பாக்சைப் பிடுங்கிக்கொண்டு, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

"பொட்டில இருக்கணும்னு சொன்னீங்களே சார்" என்று அதை மேஜைமேல் வைத்தார்.

பிறகு ஒருவர் அந்தத் தகரப் பெட்டியை எடுத்துச் சாய்த்து நிமிர்த்திப் பார்த்தார். பச்சை, ஊதா. உள்ளே காம்பஸ் உருண்டது. அப்போது எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிக்க முயன்றார். அவர் உதடு கோணியதை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

வழக்கறிஞர், இழுத்தடித்தால் வருஷக்கணக்காகும், குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்றார். கோர்ட்டில் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒத்துக்கிறேன் என்றார் அக்கா. எஃப் எட்டை அமுக்கியது நான். வாயால் சொல்ல வேண்டி வந்தது அவருக்கு.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அக்கா முன்வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாசல் பக்கத்துத் தூணோரம் நிற்பார். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் போகமாட்டார். பங்குச் சாமியாரே கூப்பிட்டு, தெரியாமல் நடந்தது பாவமாகாது அம்மா என்று சொல்லியிருக்கிறார். "கோர்ட்டுல ஒத்துக்கிட்டு வந்துட்டேனே சாமி" என்றாராம் அக்கா. சாமியாரின் ஆபீசில் இருந்த பெட்டியிலும் அதே சாவிதான் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இதைவிட ஒன்று உண்டு. சில மாதம் கழித்து ஒரு போலீஸ்காரர் பைக்கில் என்னைத் தேடிவந்தார். ஸ்டேஷன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம், வந்து பார்க்க வேண்டுமாம். சிடி இருக்கிறதா என்று கேட்டேன். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மேலே மார்க்கர் பேனாவில் எழுதிய, எங்களுடையதைப் போலவே ஒரு நகல். எஃப் எட்டை அமுக்கினேன். சாவி கேட்டது. சுவர் இல்லாமலேயே என் விரல் அதை அடித்துவிட்டது. பில் கில் எதுவும் வராதே என்று ரைட்டர் விசாரித்தார். வராது சார் என்றேன். அக்காவிடம் போய் இதைச் சொன்னால் ஆறுதலாகச் சிரிப்பார் என்று ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே, பாவம், அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் என்றார்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். சுவரில் கண்ணாடி பதித்துவிட்டார்கள். நானும் இப்போது யோக்கியன், எல்லாவற்றுக்கும் மாதவாடகை கட்டுகிறேன். எழுதுகிற பக்கத்துக்கு வாடகை, படங்களை வைத்துக்கொள்கிற இடத்துக்கு வாடகை. கட்டி முடித்தாலும் எதுவும் என்னுடையதாவதில்லை. சொந்தக் காசில் வாங்கிய பெட்டியைக் கம்பெனி ஒருநாள் தகுதி இல்லை என்கிறது. நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல அக்கா முன்னால் முழிக்கிறேன்.

கடைசியில் என் போனை எடுத்தேன். தளம் அதில் திறந்தது. அக்காவின் உதவித்தொகை எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு நீளமாக விதிமுறைகள், அடியில் சின்னக் கட்டம். 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.' என் கட்டைவிரல் பழக்கத்தில் அதை நோக்கிப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்சியா?"

"இத யாரும் படிக்க மாட்டாங்கக்கா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். ஜெபப் புத்தகம் வாசிப்பதுபோல உதடு அசைய, ஒவ்வொரு வரியாக வாசிக்க ஆரம்பித்தார். அது தமிழ்தான். எனக்கே புரியாத தமிழ். அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது பத்தியில் இருந்திருப்பார், திரை வெளுத்தது. 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து முயலவும்.'

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சாலும் தப்பா தம்பி?"

மறுபடி எண், மறுபடி விதிமுறை. இந்த முறை அவர் வாசிக்கக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீயே அமுக்கிடு" என்றார். அமுக்கினேன். அடுத்து ஒரு வட்டம் வந்தது, அதற்குள் முகத்தைக் காட்டச் சொன்னது. அக்கா முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டார். டெம்போவுக்குப் பக்கத்தில் நின்ற அதே முகம் வட்டத்துக்குள் வந்தது. 'நேராகப் பார்க்கவும்' என்றது போன். 'நேராகப் பார்க்கவும்.' அக்காவால் தலையைத் தூக்க முடியவில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஆபீசுக்கு நேரில் போவார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நல்லாதான இருக்கீங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தலை குனிந்து நிற்பவரும் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்ள அப்போது ஓர் ஆள் இருந்தார்.