மருமகள் கதையில் நான் செத்த பிறகு

என் மகன் அமெரிக்காவில் கட்டியவள் அந்த ஊர்க்காரி. கதை எழுதுவதுதான் அவளுக்கு வேலை. முதல் முறை கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் தங்கித்தான் எழுதினாள். காலையில் கதவைச் சாத்தினால் மதியம் வரை சத்தமே வராது. சாப்பிடக் கூப்பிடப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"காலைலேர்ந்து அரைப் பக்கமாம். கரும்பு வெட்டுற ஆளு இப்படி வெட்னா ஆலைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்று என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு, கரியாலூர்ப் பக்கத்து அருவிக்குக் கூட்டிப் போனோம். எல்லோரும் குளித்தார்கள். எனக்கு ஆட்கள் முன்னால் நனையக் கூச்சம். பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் அருவியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நம்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. மகன் போனில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அதில் ஒரு மாமியார். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், என்னைப்போலவே ரசத்தில் வெல்லம் போடுகிறாள். கடைசியில் அந்தப் பாறையில் வழுக்கி விழுந்து சாகிறாள்.

"அவளப் பொழைக்க வைக்கச் சொல்லுடா."

"அச்சாயிடுச்சிம்மா. அந்த எடந்தான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு. படிச்சிட்டு அழுவுறாங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியது பலித்துவிட்டால்? திருநாவலூரில் இருக்கும் என் தங்கை சிவன் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்தாள். நான் குளிக்கப் போனால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும், "இன்னாமே, செத்தவ கையால ஒரு காபி கெடைக்குமா?" என்று சிரிப்பார்.

இந்த வருஷம் அடுத்த கதை எழுத வந்திருக்கிறாள். மறுபடியும் என்னைக் கொன்றுவிட்டால்? கேட்கவும் கூச்சம். தேங்காய் துருவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"இதுலயும் நான் சாவுறேனாம்மா?"

"இல்ல அத்தை." தான் கற்றுக்கொண்ட தமிழில் பொறுமையாகச் சொன்னாள். "நீங்க செத்தாச்சு. இந்த வாட்டி மாமா."

கூடத்தில் டிவி நின்றது.

மறுநாள் அவரே இளநீர் வெட்டி அவள் கதவோரம் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் குரல் கொடுத்ததும், "மெதுவா பேசும்மா, உள்ள வேலை நடக்குது" என்றார். சாயங்காலமானால் சமையல்கட்டுக்கு வந்து என் காதோரம், "போய்க் கேட்டுக்கினு வாமே, நான் இன்னும் கீறேனான்னு" என்கிறார்.

நான் அவசரப்படுவதில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு மெதுவாகப் போய்க் கேட்டு வருகிறேன். இன்றைக்கு அரைப் பக்கம் ஆகியிருக்கிறதாம். அதில் அவர் தன் காபியைத் தானே போட்டுக் குடிக்கிறாராம்.